சுமாராகச் செய்யும் உரிமை

‘பெண்களுக்கும் பால்புதுமையருக்கும் மட்டும்’ என்று ஒரு வீடியோ கேம் பட்டறை அறிவிக்கப்பட்டால், காதில் விழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “ஏன்லா தனியா?” சில நேரம் அது கோபமாக வரும். சில நேரம் உண்மையான குழப்பமாக வரும். கேட்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என்னோடு படித்த தோழிகளே கேட்டிருக்கிறார்கள். “நாம என்ன குறைஞ்சவங்களா, தனியா உட்கார வச்சுச் சொல்லிக் கொடுக்க?”

இந்தக் கேள்வியைக் கேலி செய்து கடந்துவிடுவது சுலபம். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. பிறப்பைக் காட்டி ஒருவரை வாசலில் நிறுத்துவது தவறு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க, ஒரு கூட்டம் தன் வாசலில் நின்று “நீ வரலாம், நீ வரக்கூடாது” என்று சொன்னால் அதற்குக் காரணம் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. அந்தக் காரணத்தைத்தான் இங்கே தேடிப் பார்க்கிறேன்.

எதிர்வாதம் மூன்று வடிவில் வரும். முதலாவது, இது அநியாயம்: விலக்கப்படுவதை எதிர்க்கிறவர்கள் தாங்களே விலக்குகிறார்கள். இரண்டாவது, இது பிரிவினை: சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் தனித்தனியாகப் போகிறார்கள். மூன்றாவது, இது அவமானம்: திறமை இருந்தால் எந்த அறையிலும் ஜெயிக்கலாம், தனி அறை கேட்பது திறமை இல்லை என்று ஒப்புக்கொள்வதுதானே. மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் அதிகம் வலிக்கிறது.

உடைந்ததைக் காட்டுவது

கேம் செய்வது மற்ற நிரல் வேலை மாதிரி இல்லை. வங்கிக்கு ஒரு செயலி எழுதினால், என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது நடக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்த்துவிடலாம். கேமில் நிரல் சரியாக ஓடும், படம் அழகாக இருக்கும், ஆனால் விளையாட்டு மட்டும் சுவாரஸ்யமாக இருக்காது. சுவாரஸ்யத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை. வேறொருவர் கையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இதை ‘பிளேடெஸ்ட்’ என்பார்கள். பாதி முடிந்த, ஓட்டை உடைசலான ஒன்றை அறிமுகம் இல்லாதவரிடம் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். “அங்க அழுத்தக் கூடாது, இங்க அழுத்துங்க” என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவர் தடுமாறுவதையும் கொட்டாவி விடுவதையும் அப்படியே பார்க்க வேண்டும். திரும்பப் போய் மாற்ற வேண்டும். மறுபடியும் காட்ட வேண்டும்.

ஆக இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது என்பது, திரும்பத் திரும்ப நாலு பேர் முன்னால் தோற்பது. தோற்கத் தோற்கத்தான் கை பழகும். இந்தத் தோல்விக்கு எல்லாரும் ஒரே விலை கொடுக்கிறார்களா?

பத்து ஆண்கள் இருக்கும் அறையில் ஓர் ஆண் மோசமான கேமைக் காட்டினால் அது அவனுடைய மோசமான கேம். அதே அறையில் இருக்கும் ஒரே பெண் மோசமான கேமைக் காட்டினால் அது பெண்கள் செய்யும் கேம். தன் தோல்வியோடு தன் இனத்தின் தோல்வியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கையே அந்த வேலையைச் செய்துவிடும். எங்கேயாவது ஒரே தமிழராக உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரு நாள் தாமதமாக வந்தாலும் ‘உங்காளுங்களே இப்படித்தான்’ என்ற பார்வை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேரல் ஷா 1978இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தார். கணினி அறிவியல் படித்தவர். பின்னர் ஆக்டிவிஷனில் அவர் செய்த ‘ரிவர் ரெய்ட்’ 1982இல் வெளிவந்து மிகப் பெரிய வெற்றி பெற்றது. அட்டாரியில் வேலை செய்த காலத்தில், ஒரு பெண் வடிவமைப்பாளர் கிடைத்துவிட்டார், இனி ஒப்பனை வண்ணப் பொருத்தமும் வீட்டு உள்அலங்காரமும் பற்றிய கேம்கள் செய்யலாம் என்று நிறுவனத் தலைவர் சொன்னதை ஷா பிற்காலத்தில் பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். தலைவர் அதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாராட்டாகவே நினைத்திருப்பார். அதே நிறுவனத்தின் ஆர்கேட் பிரிவில் வேலை செய்த டோனா பெய்லி, எட் லாக் என்பவரோடு சேர்ந்து 1981இல் ‘சென்டிபீட்’ செய்தார். அந்தப் பிரிவில் இருந்த ஒரே பெண் நிரலாளர் அவர். சில ஆண்டுகளில் துறையை விட்டே போய்விட்டார்.

இந்தப் பெயர்களை மார்ச் 8 வந்தால் எடுத்து மாலை போடுவார்கள். “பார்த்தீங்களா, திறமை இருந்தா அப்பவே ஜெயிச்சாங்க.” எனக்கு இந்த வாதம் தலைகீழாகத் தெரிகிறது. ஒரு மாநகரத்தின் சுவரை ஏறிக் குதித்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள் என்றால் அவர்கள் நன்றாக ஏறுவார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க மேதைகளை எண்ணிப் பயனில்லை. சுமாரானவர்கள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். எந்தத் துறையிலும் ஆண்களில் பெரும்பான்மையினர் சுமாரானவர்கள்தான். யாரும் அவர்களை வெளியே போகச் சொல்வதில்லை. அவர்களும் நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மெதுவாகத் தேறிக்கொண்டு, சிலர் நாற்பது வயதில் உண்மையிலேயே நல்லவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள்.

தனி அறை கொடுப்பது இதைத்தான். ‘பாதுகாப்பான இடம்’ என்ற சொல்லை அடிக்கடிப் பயன்படுத்துகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இன்னொரு பாதி, அங்கே சுமாராகச் செய்ய அனுமதி உண்டு என்பது. ஒரு பெண்ணின் மோசமான கேம் அங்கே வெறும் மோசமான கேம். பத்துப் பெண்கள் பத்து மோசமான கேம் காட்டும்போது ‘பெண்கள் செய்யும் கேம்’ என்ற ஒன்று இல்லாமல் போய்விடுகிறது. எனவே தனி அறை கேட்பவர் தன்னிடம் திறமை இல்லை என்று ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைக்கும் பயிற்சிக் காலத்தைத்தான் கேட்கிறார்.

டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியலுக்கு

இது எப்படி நடக்கிறது என்பதற்குக் கனடாவில் ஒரு தொடர்கதை இருக்கிறது. 2011இல் டொராண்டோவில் ஹேண்ட் ஐ சொசைட்டி என்ற கேம் கலை அமைப்பு ‘டிஃபரன்ஸ் எஞ்சின் இனிஷியேட்டிவ்’ என்ற திட்டத்தை நடத்தியது. இதுவரை கேம் செய்யாத சில பெண்களைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு சின்ன கேமை முடிக்க வைப்பதுதான் நோக்கம். திட்டம் முடிந்தது. ஆனால் வந்தவர்களில் சிலருக்கு அது முடியவில்லை. இன்னொருவர் நமக்காக நடத்தும் வகுப்பில் உட்கார்வது வேறு, நமக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்வது வேறு என்று நினைத்தார்கள். ஜென்னி ஃபேபர், சிசிலி கார்வர் இருவரும் 2012இல் ‘டேம்ஸ் மேக்கிங் கேம்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மாண்ட்ரியலில் டான்யா ஷார்ட், ரெபெக்கா கோஹன் பலாசியோஸ் இருவரும் 2013இல் ‘பிக்ஸெல்ஸ்’ தொடங்கினார்கள். மாண்ட்ரியல் பெரிய பெரிய கேம் நிறுவனங்கள் குவிந்திருக்கும் ஊர். யுபிசாஃப்ட் 1997லேயே அங்கே கிளை திறந்துவிட்டது. வேலைக்குப் பஞ்சமில்லாத அந்த ஊரில்கூட முதல் கேமை முடிக்க ஓர் அறை தேவைப்பட்டது.

இவர்கள் செய்த வேலையில் புரட்சி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சில வாரங்கள், வாரம் ஒரு சந்திப்பு, இலவசக் கருவிகள், கடைசியில் ஒரு கேம். எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் முடித்திருக்க வேண்டும். முடித்த பிறகு பொதுவில் காட்ட வேண்டும். கருவிகளும் இந்தக் காலத்தில்தான் இறங்கி வந்தன. கிரிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ‘ட்வைன்’ என்ற கருவியில், நிரல் தெரியாதவர்களும் கிளைக்கதை போன்ற கேமை ஒரு மாலைக்குள் செய்துவிடலாம். திருநங்கையான அன்னா அன்த்ரோபி 2012இல் எழுதிய புத்தகம், கேம்கள் கையெழுத்துப் பத்திரிகை மாதிரி ஆக வேண்டும், யார் வேண்டுமானாலும் செய்ய வேண்டும் என்று வாதிட்டது. கையெழுத்துப் பத்திரிகையிலிருந்து தொடங்கி எழுத்தாளரானவர்களைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிக்ஸெல்ஸில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பட்டறையில் இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம். தேர்வாகாதவர்களும் அதே பாடங்களை வீட்டிலிருந்து பின்பற்றித் தங்கள் கேமை முடிக்க ஒரு வழி செய்தார்கள். வெளியே தெரியாத சின்ன ஏற்பாடுதான். ஆனால் விலக்கப்பட்டவர்களுக்காக உருவான ஓர் அறை தானும் சிலரை விலக்க வேண்டி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் அது. கதவைச் சாத்த வேண்டியிருந்தால் ஜன்னலையாவது திறந்து வை.

எந்தக் கதவு மூடலாம்?

இப்போது முதல் எதிர்வாதத்துக்கு வருகிறேன். விலக்குவது தவறு என்றால் எல்லாரும் விலக்குவது தவறுதானே?

ஒரு கதவு நியாயமானதா என்று பார்க்க நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். அந்தக் கதவு மூடியதும் வெளியே நிற்பவர் எங்கே போவார்? அவர் போக வேறு அறைகள் நிறைய இருந்தால், அந்தக் கதவு அவரிடமிருந்து பெரிதாக எதையும் பறிக்கவில்லை. இருப்பது அந்த ஓர் அறைதான், வேலையும் பணமும் பழக்கமும் அங்கேதான் கைமாறுகின்றன என்றால், அந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கவே கூடாது. முதலீட்டாளர்களும் ஸ்டுடியோ முதலாளிகளும் கூடும் விருந்து ஆண்களுக்கு வசதியாக அமைவதும், சனிக்கிழமை மதியம் பத்துப் பெண்கள் ட்வைன் கற்றுக்கொள்வதும் ஒரே தராசில் நிற்காது. 2013இல் சான் பிரான்சிஸ்கோ கேம் உருவாக்குநர் மாநாட்டை ஒட்டி, சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கமான ஐ.ஜி.டி.ஏ. ஒரு விருந்தைச் சேர்ந்து நடத்தியது. அதில் நடனமாடப் பெண்களை அமர்த்தியிருந்தார்கள். சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு இணைத்தலைவராக இருந்த பிரெண்டா ரோமெரோ பதவி விலகினார். அதே மாநாட்டில்தான் அவரும் இன்னும் சில பெண்களும், தாங்கள் ஏன் இந்தத் துறையில் இருக்கிறோம் என்று மேடையேறிப் பேசினார்கள். அந்த விருந்துக்குள் நுழையப் பெண்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அது யாருக்காக ஏற்பாடு செய்யப்பட்டது என்பதில் குழப்பமும் இல்லை. எழுதப்படாத கதவுகளைப் பற்றி யாரும் “ஏன்லா தனியா?” என்று கேட்பதில்லை.

பிரிவினை வாதத்துக்கும் இதே பதில்தான். மலேசியத் தமிழர்கள் இந்த வாதத்தை நன்றாக அறிந்தவர்கள். தமிழ்ப்பள்ளி எதற்கு, ஒரே பள்ளியில் எல்லாரும் படித்தால்தானே ஒற்றுமை என்ற குரல் நம் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வழக்காகவும் போனது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போது நாம் என்ன வாதம் வைத்தோம்? தனியாகப் படிப்பது பிரிந்து போவதற்காக இல்லை, தன் காலில் நின்று பொது இடத்துக்கு வருவதற்காக என்றுதானே. அந்த வாதத்தை நமக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பெண்கள் பட்டறையைப் பார்த்து மட்டும் ‘ஒற்றுமை கெடுது’ என்று சொல்ல நியாயம் கிடையாது. ஒன்று, இரண்டையும் ஏற்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று காட்ட வேண்டும். நான் தேடிப் பார்த்தேன், அடிப்படையில் வேறுபாடு தெரியவில்லை.

யாரை உள்ளே விடுவது?

அடுத்த கேள்வி கடினமானது. வாசலில் ‘பெண்கள்’ என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குள் யார் யார் வருகிறார்கள்?

டேனியல் பண்டன் பெர்ரியை எடுத்துக்கொள்வோம். 1983இல் வந்த ‘மியூல்’ என்ற கேமை வடிவமைத்தவர். நான்கு பேர் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து விளையாடும்படி, வீட்டில் ஆட்களைச் சேர்த்து வைக்கும்படி அதைச் செய்தார். அப்போது அவர் ஆணாக அறியப்பட்டிருந்தார். 1992இல் பெண்ணாக மாறினார். 1998இல் இறந்தார். 2000இல் வந்த ‘தி சிம்ஸ்’ கேமை வில் ரைட் அவருடைய நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மக்களை ஒரே அறையில் சேர்ப்பதையே தன் கலையாக வைத்திருந்த இவரை, ஒரு பெண்கள் பட்டறை வாசலில் நிறுத்தி “நீங்க உண்மையிலேயே பெண்ணா?” என்று கேட்டால் அந்தப் பட்டறைக்கு என்ன பெயர் வைப்பது?

பல அமைப்புகள் இந்தக் கேள்விக்கு மெதுவாக ஒரு பதிலுக்கு வந்திருக்கின்றன. டொராண்டோ அமைப்பு ‘டேம்ஸ்’ என்ற சொல்லைப் பின்னுக்குத் தள்ளி டி.எம்.ஜி. என்ற எழுத்துகளால் அறியப்படத் தொடங்கியது. திருநர்களையும் ஆண், பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர்களையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. “அப்படின்னா யார் வேணும்னாலும் சொல்லிக்கிட்டு வந்துடலாமே?” என்பார்கள். வரலாம்தான். ஆனால் எவ்வளவு ஆதாரம் கேட்க வேண்டும் என்பது எவ்வளவு இழப்பு வரும் என்பதைப் பொறுத்தது. கேம் பட்டறையில் ஓர் இருக்கைக்காகப் பொய் சொல்லி வருபவனால் ஒரு நாற்காலி வீணாகும். ஆதாரம் கேட்கும் வாசலால், உள்ளே வர வேண்டியவர்களே திரும்பிப் போவார்கள். உயரமான பெண்ணை, குரல் கனத்த பெண்ணை, தலைமுடி வெட்டிய பெண்ணை முதலில் சந்தேகப்படுவார்கள். நீ யார் என்று தோண்டுவதை விட, இங்கே எப்படி நடந்துகொள்வாய் என்று கேட்பது நல்ல வாசல். ஒழுங்காக நடக்காதவர் பிறப்பால் பெண்ணாகவே இருந்தாலும் வெளியே அனுப்பலாம்.

மலேசியாவில் இதற்கு இன்னொரு பாரம் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் முஸ்லிம் ஆண்கள் பெண்ணுடை அணிவதைக் குற்றமாக்கும் ஷரியா சட்டப் பிரிவை, 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்கு தொடுக்கப்பட்ட நடைமுறை தவறு என்று சொல்லி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இங்கே சுவரொட்டியில் எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பதே சிலரை ஆபத்தில் தள்ளலாம். அழைக்காமல் இருந்தால் ‘எங்களை நினைக்கவே இல்லை’ என்று ஆகும். இதற்கு எனக்குத் தெரிந்து சுத்தமான விடை இல்லை. பெயர்ப் பட்டியல் கேட்காத, படம் எடுக்காத, ஆள் வழி ஆளாக அழைக்கும் கூட்டங்கள்தான் நடைமுறையில் சாத்தியம். அப்படி அழைத்தால் யாருக்கு ஆள் தெரியுமோ அவர்தான் வருவார் என்ற குறையோடு சேர்த்தே அதை ஏற்க வேண்டியிருக்கிறது.

யார் நாற்காலி அடுக்குவது?

கூட்டம் கூடியாயிற்று. யார் இடம் பிடிப்பது, யார் வாட்ஸ்அப்பில் நினைவுபடுத்துவது, யார் நாற்காலி அடுக்குவது, அழுதுகொண்டு வருபவருக்கு யார் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் பேசுவது? பெரும்பாலும் ஒரே ஒருத்தி. அவளும் கேம் செய்யத்தான் வந்தாள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அவளால் இருபது பேர் கேம் முடித்திருப்பார்கள். அவளுடைய கேம் மட்டும் பாதியில் நிற்கும். நம் ஊர் இயக்கங்களையும் வாசகர் வட்டங்களையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பெண்ணை நன்றாகத் தெரியும்.

இது தியாகம் என்று சொல்லிப் பெருமைப்படுத்திவிடுகிறோம். எனக்கு இதில் ஓர் அநீதி தெரிகிறது. துறையின் கதவைச் சரிசெய்யும் செலவை, அந்தக் கதவால் அடிபட்டவர்களிடமே வசூலிக்கிறோம். ஆண் நிரலாளன் மாலை நேரத்தைத் தன் கேமுக்குச் செலவழிக்கிறான். அவள் மாலை நேரத்தை மற்றவர்கள் தங்கிப் பிழைப்பதற்குச் செலவழிக்கிறாள். பிறகு பதவி உயர்வு நேரத்தில் இரண்டு பேர் செய்த கேம்களையும் எண்ணுகிறார்கள்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரை, கட்டமைப்பு இல்லாத குழு என்று ஒன்று இல்லவே இல்லை என்று வாதிட்டது. தலைவர் இல்லை, விதி இல்லை, எல்லாரும் அக்கா தங்கை என்று சொல்லும் குழுவிலும் சிலர் முடிவு எடுப்பார்கள். ஆனால் யார், எப்படி என்று வெளியே தெரியாது. தெரியாததால் கேள்வி கேட்கவும் முடியாது. பெண்கள் குழுக்களில் நாம் ‘அன்பு’ என்று அழைப்பது பல சமயம் இந்தத் தெரியாமையைத்தான். எனவே அன்பான குழுவுக்கும் எழுதிய விதி வேண்டும். யார் எத்தனை மாதம் பொறுப்பு, காசு எங்கிருந்து வருகிறது, புகார் வந்தால் யாரிடம் போவது, பொறுப்பிலிருப்பவர் மீதே புகார் வந்தால் யாரிடம் போவது. இதெல்லாம் அலுவலகம் மாதிரி இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. விதி இல்லாத இடத்தில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஜெயிப்பார். பேச வராதவருக்கு விதிதான் துணை.

அறையும் வீடும்

பட்டறைகளால் துறை மாறிவிடுமா? ஐ.ஜி.டி.ஏ. எடுத்த கணக்கெடுப்புகளில் பதிலளித்தவர்களில் பெண்கள் 2005இல் 11.5 விழுக்காடு, 2014இல் 22, 2021இல் 30. ஏறியிருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில்தான் மற்றதும் நடந்தது. 2014இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் நடந்த தாக்குதலில் சோயி குவின், பிரியானா வு, அனிட்டா சர்கீசியன் ஆகியோர் கொலை மிரட்டலுக்கு ஆளாகி வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 2021 ஜூலையில் கலிபோர்னிய அரசின் துறை ஒன்று, பாலினப் பாகுபாடு, தொல்லை என்று ஆக்டிவிஷன் பிலிசர்ட் மீது வழக்குப் போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். 2023 டிசம்பரில் ஏறத்தாழ 5.4 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. ரயட் கேம்ஸ் நிறுவனம் இதே மாதிரி ஒரு வழக்கில் 2021 டிசம்பரில் 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது.

இவற்றை எந்த வழிகாட்டி அக்காவும் சரிசெய்திருக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும், சம்பளப் பட்டியல் வெளியே வர வேண்டும். பெண்கள் வட்டத்துக்கு மார்ச் மாதம் பீட்சா வாங்கிக் கொடுத்துவிட்டு, சம்பள வித்தியாசத்தை அப்படியே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த வட்டம் ஒரு விளம்பரமாகவே ஆகிவிடும். இந்த ஆபத்து நிஜம். ஆனால் வட்டம் இல்லாமல் அந்த வழக்குகளும் வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். தனியாக இருக்கும்வரை ஒவ்வொருத்தியும் ‘எனக்கு மட்டும்தான் இப்படி, என்கிட்டதான் ஏதோ கோளாறு’ என்றே நினைப்பாள். 2012 நவம்பரில் டிவிட்டரில் ஒருவர், ஏன் பெண் கேம் உருவாக்குநர்கள் குறைவு என்று கேட்டபோது, துறையிலிருந்த பெண்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் என்று எழுதிக் குவித்தார்கள். படித்தவர்களுக்குத் தெரிந்தது, எல்லாருடைய காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று. சொந்த அவமானம் பொதுப் பிரச்சினையாக மாறுவது அந்த இடத்தில்தான். பொறியியல் மொழியில் சொன்னால், ஒரு இயந்திரத்தில் மட்டும் வரும் கோளாறை இயந்திரத்தின் தலையில் கட்டலாம். எல்லா இயந்திரத்திலும் வந்தால் வடிவமைப்பைப் பார்த்தாக வேண்டும்.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். மலேசியாவில் கணினி அறிவியல் படிக்கும் பெண்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார்கள். விவியன் லாகெசன் 2008லும் உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் 2009லும் வெளியிட்ட கட்டுரைகள் இதைப் பற்றியவை. அவர்கள் ஊரில் கணினி என்றால் ஆண் பிள்ளையின் விளையாட்டுச் சாமான். இங்கே அது உள்ளறையில் உட்கார்ந்து செய்யும், வெயில் படாத, பெண்ணுக்கு ஏற்ற வேலை. என் வகுப்பிலும் பாதிக்கு மேல் பெண்கள். ஆக, ‘பெண்கள் படிக்க வர்றதில்ல’ என்ற சாக்கு இங்கே செல்லாது. ஆனாலும் கேம் ஜாம் என்று சொல்லப்படும் 48 மணி நேரக் கூடல்களில் நான் பார்த்த பெண்களை விரல் விட்டு எண்ணலாம். காரணம் கேட்டால் பெரிய தத்துவம் எதுவும் வராது. “ராத்திரி தங்கணுமா? வீட்ல விட மாட்டாங்க.” “கடைசி எல்.ஆர்.டி. போயிடும்.” “எல்லாப் பையன்களும் முன்னாடியே டீம் சேர்ந்துட்டாங்க.” வேலைக்குத் தகுதி என்று கொடுத்த அதே வீடு, விளையாட்டுக்கு அனுமதி கொடுக்கவில்லை. பெண் சம்பாதிக்கலாம், ஆனால் பொழுதை வீணாக்கக் கூடாது. கேம் செய்வது, குறைந்தது முதல் ஐந்தாறு கேம், பொழுதை வீணாக்குவதுதான்.

தேவை தீர்ந்த பிறகு

‘இப்படிப்பட்ட குழுக்கள் தேவைப்படாத நாள் வர வேண்டும்’ என்று முடிப்பது வழக்கம். எனக்கு அந்த ஆசை முழுதாக இல்லை. அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்காக, இன்பத்துக்காக, ஒருவருடைய நற்குணத்துக்காக. பயனுக்காக வந்த நட்பு பயன் தீர்ந்ததும் தீரும். பெண்கள் குழுவை நாம் எப்போதும் பயனை வைத்தே நியாயப்படுத்துகிறோம். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை விழுக்காடு கூடியது. நிதி கேட்க அது வேண்டியிருக்கும். ஆனால் ஆண்கள் கூடி உட்கார்ந்து கேம் விளையாடுவதற்கு யாரும் இப்படிக் கணக்குக் கேட்டதில்லை. அவர்கள் பிடித்ததால் கூடினார்கள். இந்தத் துறையே அப்படிப்பட்ட கூடல்களிலிருந்து பிறந்ததுதான்.

திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல், 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. பள்ளியில் நமக்கு இரண்டாவதையே அதிகம் சொல்லிக் கொடுத்தார்கள். பயப்படாதே, எழுந்து பேசு. முதலாவது சபை எப்படிப்பட்டது என்று பார்க்கச் சொல்கிறது. பேசுபவருக்குத் தைரியம் இல்லை என்று குறை சொல்லும் முன், சபையைக் கொஞ்சம் பார்க்கலாம். சரியில்லை என்றால் இன்னொரு சபை கூட்டலாம். அதில் யாரும் அசத்த வேண்டியதில்லை.

உலகளாவிய கேம் ஜாம் ஒவ்வொரு ஜனவரியும் வருகிறது. இங்கே யாராவது ஒரு சின்ன ஏற்பாடு செய்தால் போதும்: பகலில் மட்டும் நடக்கும் அறை, ஆறு மணிக்கு முடிவு, எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கம், வருபவர் சொல்லும் பெயரே அவர் பெயர், நாற்காலி அடுக்க ஒரு முறைப்பட்டியல். அங்கே செய்யப்படும் கேம்களில் பெரும்பாலானவை மோசமாக இருக்கும். அவற்றை விளையாட எனக்கு ஆசை.